வெத்தலச் சுண்ணாம்புல இருந்து பூமியோட சுத்தளவு வரைக்கும்: இயற்கை அறிவியல வீட்டுலயே ஆரம்பிக்கறது எப்படி

பள்ளிக்கூடம் முடிச்சு பதினஞ்சு இருவது வருசம் கழிச்சு அறிவியல மறுபடி அடியில இருந்து தெரிஞ்சுக்கணும்னு நினைக்கறவங்களும் சரி, பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்க உக்காந்து தனக்கே பாதி புரியலையேன்னு முழிக்கற அப்பா அம்மாங்களும் சரி, முதல்ல கேக்கறது எந்தப் புக்கு வாங்கறதுன்னுதான். முதல் ரெண்டு மாசத்துக்கு புக்கே வேணாம்னு சொல்வேன். இயற்பியல், வேதியியல், உயிரியல், நிலவியல், வானியல் இந்த அஞ்சுலயும் ஒண்ணு ரெண்டு விஷயத்த உங்க கையாலயே அளந்து பாத்துடுங்க, அப்புறம் எந்தப் புக்கத் தொறந்தாலும் மண்டையில ஏறும்.

நான் தமிழ் மீடியம். சவ்வூடு பரவல்னா என்னன்னு பரீட்சையில ஒரு எழுத்து பிசகாம எழுதி முழு மார்க் வாங்கினவன். ஆனா அது நெஜமாவே என்னன்னு புரிஞ்சது ரொம்ப வருசம் கழிச்சு, அம்மா மாவடு போட்டு வச்சப்ப, தண்ணியே ஊத்தாத ஜாடியில மூணாவது நாள் இவ்ளோ தண்ணி எங்கருந்து வந்துச்சு, வழவழன்னு இருந்த வடு ஏன் சுருங்கிப் போச்சுன்னு நின்னு யோசிச்சப்பத்தான். அந்த ஒரு ஜாடி குடுத்த தெளிவ அந்த முழு மார்க் குடுக்கல, அதனாலதான் இத இவ்ளோ அழுத்திச் சொல்றேன்.

வேண்டிய சாமான் ரொம்பக் கம்மி. ஒரு அளவு டேப்பு, கிராம் காட்டற கிச்சன் தராசு, போன்ல இருக்கற ஸ்டாப்வாட்ச், 100 டிகிரிக்கு மேல காட்டற ஒரு தெர்மாமீட்டர் (காய்ச்சல் பாக்கற தெர்மாமீட்டர் 42 வரைக்கும்தான் போகும், அத சுடுதண்ணியில விட்டா கெட்டுப்போயிடும்), அப்புறம் ஒரு நோட்டு. நோட்டுதான் முக்கியம். ஒவ்வொரு பக்கத்துலயும் மூணு பத்தி போடுங்க: என்ன வரும்னு நான் நினைக்கறேன், அளந்தப்ப என்ன வந்துச்சு, ரெண்டுக்கும் வித்தியாசம் ஏன். முதல் பத்திய அளக்கறதுக்கு முன்னாடியே பேனாவுல எழுதிடணும், பென்சில் வேணாம். ஏன்னா பதில் தெரிஞ்சதும் மனசு உடனே “இது எனக்கு முன்னாடியே தெரியும்”னு சொல்லிடும், அப்படிச் சொல்லிட்டா அங்கயே கத்துக்கறது நின்னுடும். நீங்க தப்பா நினைச்சது எதுன்னு உங்க கையெழுத்துலயே இருக்கணும்.

முதல்ல தனி ஊசல். ஒரு நூல், ஒரு பூட்டு போதும். ஃபேன் கொக்கியோ கதவு நிலையோ ஏதோ அசையாத ஒரு எடத்துல கட்டித் தொங்க விடுங்க, கட்டின எடத்துல இருந்து பூட்டோட நடுப்பகுதி வரைக்கும் சரியா 1 மீட்டர் இருக்கற மாதிரி. லேசா, ஒரு சாண் அளவுக்கு மட்டும் இழுத்து விட்டு 20 ஆட்டத்துக்கு எவ்ளோ நேரம் ஆகுதுன்னு பாருங்க, போய்த் திரும்பி வந்தாத்தான் ஒரு ஆட்டம். விடும்போது “ஒண்ணு”ன்னு எண்ண ஆரம்பிக்காதீங்க, “சைபர்”னு ஆரம்பிங்க, முதல் தடவ செய்யற பாதிப் பேர் இங்கதான் ஒரு ஆட்டத்த விட்டுடுவாங்க. 40 செகண்டு வாக்குல வரும். இப்ப நூல பாதியாக்கி 50 செ.மீ. வைங்க, அளக்கறதுக்கு முன்னாடி நோட்டுல எழுதுங்க எவ்ளோ வரும்னு. ஏறக்குறைய எல்லாரும் 20னுதான் எழுதுவாங்க. வர்றது 28 செகண்டு சொச்சம். 25 செ.மீ.க்கு இறக்கினாத்தான் 20 செகண்டு வரும், அதாவது நேரம் பாதியாகணும்னா நீளம் கால்வாசியாகணும். அப்புறம் பூட்ட மாத்தி அதவிட ரெண்டு மூணு மடங்கு கனமான பூட்டு போடுங்க, நடுப்பகுதி வரைக்கும் அதே நீளம் வச்சுட்டா நேரம் மாறவே மாறாது. கனமானது வேகமா ஆடும்னு நம்ம மனசுல ஊறிப்போன நினைப்பு இங்க கழண்டு விழுந்துடும்.

இதுல இருந்து பூமியோட ஈர்ப்பு முடுக்கத்தையும் (கீழ விழற பொருளோட வேகம் செகண்டுக்குச் செகண்டு எவ்ளோ கூடுதுங்கறது) எடுத்துடலாம். நீளத்த மீட்டர்ல வச்சு 39.5ஆல பெருக்குங்க, ஒரு ஆட்டத்துக்கு ஆன நேரத்த அதாலயே பெருக்கி அந்த எண்ணால வகுங்க. 9.8க்கு பக்கத்துல வரும். புக்குல பாத்த அதே 9.8, இப்ப உங்க வீட்டு நிலையில தொங்கற பூட்டுல இருந்து வந்திருக்கு. எனக்கு முதல் தடவ 9.6 வந்துச்சு, நீளத்த முடிச்சுல இருந்து அளக்காம கொஞ்சம் கீழ இருந்து அளந்துட்டேன்னு அப்புறம் கண்டுபிடிச்சேன். இப்படி வித்தியாசத்தத் தேடறதுதான் மூணாவது பத்தி, அதுக்கு சோம்பல் படாதீங்க.

அடுத்து வெப்பம். வெப்பமும் வெப்பநிலையும் வேற வேறன்னு பாடத்துல வரும், எல்லாரும் தலையாட்டுவோம், ஆனா கெட்டில் வச்சுப் பாத்தாத்தான் பிடிபடும். 1 லிட்டர் தண்ணி 30 டிகிரில இருந்து 100 டிகிரிக்குப் போக வேண்டிய ஆற்றல் சுமார் 293 கிலோஜூல், ஏன்னா ஒரு கிராம் தண்ணி ஒரு டிகிரி ஏற 4.18 ஜூல் வேணும், அதுக்குத்தான் தன்வெப்ப ஏற்புத்திறன்னு அவ்ளோ பெரிய பேரு. கெட்டில் 1500 வாட்னு அடியில போட்டிருந்தா செகண்டுக்கு 1500 ஜூல், வகுத்தா 195 செகண்டு, அதாவது மூணேகால் நிமிஷம். நீங்க அளந்தா அதவிடக் கொஞ்சம் கூட வரும், மிச்சம் கெட்டில் சூடாகறதுக்கும் காத்துக்கும் போனது. இதே கணக்குல கரண்ட் பில்லையும் பாக்கலாம், ஒரு யூனிட்டுக்கு கிட்டத்தட்ட 12 லிட்டர் தண்ணி கொதிக்க வைக்கலாம், இழப்பயும் சேத்தா கொஞ்சம் கொறையும்.

கொதிச்சதுக்கு அப்புறம் என்ன ஆகுதுங்கறதுதான் இன்னும் சுவாரசியம். 100 டிகிரி தண்ணி முழுசா ஆவியாகணும்னா ஒரு கிராமுக்கு 2260 ஜூல் வேணும், அதாவது கொதிக்கற வரைக்கும் குடுத்தத விட ஏழு மடங்குக்கு மேல, அவ்ளோத்தையும் வாங்கிக்கிட்டும் தெர்மாமீட்டர் ஒரு டிகிரி கூட ஏறாது. உள்ளுறை வெப்பம்னு சொல்றது இதத்தான். மண்பானத் தண்ணி குளுகுளுன்னு இருக்கறதும் இதே கணக்குதான், பான சுவர் வழியா கசியற தண்ணி ஆவியாகறப்ப வேண்டிய வெப்பத்த உள்ள இருக்கற தண்ணிகிட்ட இருந்தே எடுத்துக்குது. 5 லிட்டர் பானையில 100 மில்லி இப்படி ஆவியானா, வெளிய இருந்து சூடு உள்ள வரலன்னா, மீதித் தண்ணி 11 டிகிரி இறங்கணும். நெஜத்துல வெளிய இருந்து சூடு வந்துட்டே இருக்கும், அதனால அவ்ளோ இறங்காது. ஒரு எவர்சில்வர் குடத்துலயும் ஒரு மண்பானையிலயும் ஒரே தண்ணிய ஊத்தி ராத்திரி முழுக்க வச்சு காலையில ரெண்டுலயும் தெர்மாமீட்டர் விட்டுப் பாருங்க. சென்னை மாதிரி கடலோர ஊர்ல வித்தியாசம் கம்மியா இருக்கும், கரூர் திருச்சி பக்கம் ஏப்ரல் மேல செஞ்சா நல்லாத் தெரியும், காத்துல ஏற்கனவே ஈரம் நெறஞ்சிருந்தா பானத் தண்ணி ஆவியாக எடமில்ல. இயற்பியலுக்கு இப்போதைக்கு இவ்ளோ போதும்.

வேதியியலுக்கு நான் எப்பவும் சுண்ணாம்பத்தான் எடுப்பேன். ஒரே ஒரு பொருள், நம்ம ஊர்ல எல்லா எடத்துலயும் இருக்கு, அத விடாமத் தொடர்ந்து போனா வேதியியல்ல ஆரம்பிச்சு உயிரியல் நிலவியல் வரைக்கும் கொண்டு போய் விடும்.

வெத்தலைக்குப் போடற சுண்ணாம்பு ஒரு சின்ன உருண்ட எடுத்து ஒரு டம்ளர் தண்ணியில கரைச்சு ராத்திரி மூடி வைங்க. காலையில மேல தெளிஞ்சு நிக்கற தண்ணிய மட்டும் அசைக்காம வேற கண்ணாடி டம்ளருக்கு மாத்துங்க. இதுல கவனம் வேணும். சுண்ணாம்பு கண்ணுல பட்டா பார்வையே போகலாம், சின்னப் பிள்ளைங்க சுண்ணாம்பு டியூப அழுத்தி கண்ணுல தெறிச்சு ஆஸ்பத்திரிக்குப் போற சம்பவம் நம்ம நாட்டுல நெறையவே நடக்குது, அதனால பெரியவங்கதான் எடுக்கணும், கண்ணாடி போட்டுக்கணும், பட்டுட்டா உடனே ஓடற தண்ணியில பதினஞ்சு இருவது நிமிஷம் கழுவிட்டு நேரா டாக்டர்கிட்ட போயிடணும்.

முதல் சோதனை மஞ்சத்தூள். மஞ்சத் தண்ணியில ஒரு சொட்டு சுண்ணாம்புத் தண்ணி விட்டா செக்கச் செவேல்னு ஆகும், எலுமிச்சம்பழம் பிழிஞ்சா திரும்ப மஞ்சளாகும். சட்டையில சாம்பார் கறைய சோப்பு போட்டுத் துவைக்கும்போது செவக்கறதும், மஞ்சளும் சுண்ணாம்பும் சேத்து குங்குமம் செய்யறதும் இதுவேதான். காரம்னா செவப்பு, அமிலம்னா மஞ்சள். ஆனா மஞ்சள் காரத்த மட்டும்தான் காட்டிக் குடுக்கும், அமிலத்துக்கும் சும்மாத் தண்ணிக்கும் அதுகிட்ட வித்தியாசம் தெரியாது. அதுக்கு நீல சங்குப்பூவ சுடுதண்ணியில போட்டு அந்த நீலத் தண்ணிய வச்சுக்கோங்க, எலுமிச்சைக்கு ஊதா கலந்த ரோஸ் ஆகும், சோடா உப்புக்கும் சுண்ணாம்புக்கும் பச்சப் பக்கம் போகும். வீட்டுல இருக்கற மோர், புளித்தண்ணி, ஷாம்பு, போர் தண்ணி எல்லாத்தையும் வரிசையா வச்சு சோதிச்சுப் பாருங்க. பிஎச் அளவுங்கறது இந்த நிற வரிசைக்கு எண் குடுக்கறதுதான், அதுல ஒரு எண் கொறைஞ்சா அமிலத்தன்ம பத்து மடங்கு கூடுதுங்கறத மட்டும் நோட்டுல பெருசா எழுதிக்கோங்க.

ரெண்டாவது சோதனை, எனக்கு ரொம்பப் பிடிச்சது. தெளிஞ்ச சுண்ணாம்புத் தண்ணிக்குள்ள ஸ்ட்ரா வச்சு மெதுவா ஊதுங்க. உறிஞ்சிடக்கூடாது, பிள்ளைங்க செய்யறதா இருந்தா ஸ்ட்ராவுல நடுவுல ஊசியால ஒரு ஓட்ட போட்டுடுங்க, தெரியாம உறிஞ்சினாலும் காத்துதான் வரும், ஊதும்போது அந்த ஓட்டைய விரலால மூடிக்கலாம். கொஞ்ச நேரத்துல தண்ணி பால் மாதிரி வெளுக்கும். உங்க மூச்சுல இருந்த கார்பன் டை ஆக்சைடும் தண்ணியில கரைஞ்சிருந்த கால்சியம் ஹைட்ராக்சைடும் சேந்து கால்சியம் கார்பனேட் ஆயிடுச்சு, அது தண்ணியில கரையாது, அதனால வெள்ளத் தூளா மெதக்குது. செவத்துக்கு அடிக்கற வெள்ளச் சுண்ணாம்பு நாளாக நாளாக இறுகறது இதேதான், காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைட கொஞ்சம் கொஞ்சமா இழுத்து திரும்பக் கல்லாகுது. அந்த அர்த்தத்துல கிளிஞ்சல் ஒரு வட்டம் சுத்தி வருது: கிளிஞ்சல் கால்சியம் கார்பனேட், காளவாய்ல 900 டிகிரி வாக்குல சுட்டா கார்பன் டை ஆக்சைடு வெளியேறி சுட்ட சுண்ணாம்பாகுது, தண்ணி ஊத்தினா கொதிச்சு நீத்த சுண்ணாம்பாகுது, செவத்துல பூசினா திரும்ப கால்சியம் கார்பனேட். 100 கிராம் சுத்தமான கிளிஞ்சலச் சுட்டா 56 கிராம் சுண்ணாம்பு நிக்கும், 44 கிராம் வாயுவாப் போயிடும், கூட்டினா 100. எங்கயும் ஒரு கிராம் கூட காணாமப் போகல, எடம்தான் மாறியிருக்கு. பொருண்மை அழியாதுங்கற விதி இதுதான், வேதியியல் சமன்பாட்ட ஏன் ரெண்டு பக்கமும் சமன் செய்யணும்னு வாத்தியார் வற்புறுத்தினதும் இதுக்குத்தான். (சுட்ட சுண்ணாம்புல தண்ணி ஊத்தற வேலைய வீட்டுல செய்யாதீங்க, தெறிச்சா தோல் வெந்துடும்.)

வெள்ளையானதுக்கு அப்புறமும் விடாம ஊதிட்டே இருந்தீங்கன்னா, சுண்ணாம்புத் தண்ணி கொஞ்சமா இருந்தா, அந்த வெள்ள மறுபடி மறைஞ்சு தெளிஞ்சுடும். முதல் தடவ பாத்தப்ப நான் அசந்து போயிட்டேன். கார்பன் டை ஆக்சைடு கூடப்போய் கால்சியம் பைகார்பனேட் ஆகுது, அது கரையும். இத அப்படியே மண்ணுக்குள்ள வச்சு யோசிங்க. மழத் தண்ணி மண்ணுல இருக்கற கார்பன் டை ஆக்சைட எடுத்துக்கிட்டு சுண்ணாம்புக்கல்ல கரைச்சு எடுத்துட்டு வருது, அது நம்ம போர்ல உப்புத்தண்ணியா வருது, அத வெந்நி வைக்கும்போது கார்பன் டை ஆக்சைடு போயிடுது, சுண்ணாம்பு திரும்பப் படிஞ்சு பாத்திரத்துல வெள்ளப் பொருக்கா ஒட்டிப் போகுது. அந்தப் பொருக்கு மேல கொஞ்சம் வினிகர் ஊத்துங்க, நுரையா பொங்கும், வெளிய வர்றது அந்த அதே கார்பன் டை ஆக்சைடு.

வினிகர் பாட்டிலத் தொறந்தாச்சு, அப்படியே ஒரு முட்டையையும் எடுத்துக்கோங்க. முட்ட ஓடும் கால்சியம் கார்பனேட்தான். ஒரு பச்ச முட்டைய வினிகர்ல மூழ்க விட்டு ஒரு நாள், தேவைப்பட்டா வினிகர மாத்தி இன்னொரு நாள் வைங்க. ஓடு முழுசும் கரைஞ்சு, உள்ள மெல்லிசா ஒரு சவ்வு மட்டும் முட்டைய பிடிச்சுக்கிட்டு நிக்கும். பக்குவமா கழுவி தராசுல எட போட்டு எழுதிக்கோங்க. இப்ப நாம உயிரியலுக்கு வந்துட்டோம்.

அந்த முட்டைய நல்ல தண்ணியில ஒரு நாள் வச்சு எட போடுங்க, கூடியிருக்கும். அப்புறம் கெட்டிச் சக்கரப் பாகுல ஒரு நாள் வைங்க, சுருங்கி, எட கொறைஞ்சு, சொத்துன்னு ஆயிடும். திரும்ப தண்ணியில போட்டா திரும்ப ஊதும். சவ்வு தண்ணிய விடுது, பெரிய மூலக்கூறுங்கள விடல, அதனால எந்தப் பக்கம் சத்து அடர்த்தியா இருக்கோ அந்தப் பக்கம் தண்ணி போகுது. சவ்வூடு பரவல்ங்கறது இதுதான், மாவடு ஜாடியில நடந்ததும் இதுவேதான், உப்பு வெளிய, தண்ணி வடுவுக்குள்ள இருந்து வெளிய. அந்த ஜாடியில கிருமி வளராம இருக்கறதுக்கும் இதான் காரணம், வந்து விழற கிருமியோட தண்ணியையும் உப்பு உறிஞ்சிடுது. ஆஸ்பத்திரியில ஏத்தற சலைன் பாட்டில்ல 0.9 சதவீதம் உப்பு, அதாவது லிட்டருக்கு 9 கிராம். வெறும் தண்ணிய ரத்தத்துல ஏத்தினா சிவப்பணுங்க இந்த முட்ட மாதிரியே உப்பி வெடிச்சுடும், கடல் தண்ணி மாதிரி உப்பா ஏத்தினா பாகுல போட்ட மாதிரி சுருங்கிடும். ஒரு செல்லுக்கு உள்ள வெளியன்னு எல்லை போடறது இந்த சவ்வுதான், உயிரியல்ல முதல்ல புரிஞ்சுக்க வேண்டியது இதுன்னு நான் நினைக்கறேன், டிஎன்ஏ எல்லாம் அப்புறம் வரட்டும்.

(அந்த முட்டையத் திங்காதீங்க, தொட்டதுக்கு அப்புறம் கைய சோப்பு போட்டுக் கழுவிடுங்க.)

ரெண்டாவதா நொதி, அதாவது என்சைம், உடம்புல நடக்கற வேதி மாற்றத்த வேகமாக்கற பொருள். வடிச்ச கஞ்சிய நல்லாத் தண்ணி விட்டு நீர்க்க வச்சு, மூணு சின்ன கிண்ணத்துல ரெண்டு ரெண்டு ஸ்பூன் ஊத்துங்க. ஒண்ணுல சும்மா தண்ணி ஒரு ஸ்பூன், ஒண்ணுல உங்க எச்சில் ஒரு ஸ்பூன், மூணாவதுல கொதிக்க வச்சு ஆறின எச்சில் ஒரு ஸ்பூன். மூணையும் கை பொறுக்கற சூட்டுல இருக்கற தண்ணித் தட்டுல அரை மணி நேரம் வைங்க. அப்புறம் தண்ணி கலந்த பீட்டாடைன் (காயத்துக்குப் போடற அயோடின் மருந்து) ஒவ்வொரு சொட்டு விடுங்க. மாவுச்சத்து இருந்தா கருநீலம் வரும். முதல் கிண்ணமும் மூணாவதும் கருநீலமாகும், எச்சில் விட்டதுல அந்த நிறம் வராது இல்ல ரொம்ப மங்கலா வரும். எச்சில்ல இருக்கற அமைலேஸ் மாவுச்சத்த சக்கரையா ஒடைச்சுடுச்சு, கொதிக்க வச்சதுல அந்த நொதி உரு கெட்டுப் போனதால வேல செய்யல. சோத்த விழுங்காம வாயில வச்சு மென்னுட்டே இருந்தா இனிக்கறது இதனாலதான்.

இங்க எத்தன கிண்ணம் வச்சோம்னு கவனிங்க. எச்சில் விட்டதோட மட்டும் நிறுத்தியிருந்தா, தண்ணி கூடினதால நிறம் மங்குச்சோன்னு ஒருத்தர் கேட்டா பதில் சொல்ல முடியாது. தண்ணிக் கிண்ணம் அந்தக் கேள்விக்குப் பதில். மாவுச்சத்த ஒடைச்சது நொதிதானா, இல்ல எச்சில்ல இருக்கற வேற ஏதாவதாங்கறது அடுத்த கேள்வி, கொதிக்க வச்ச எச்சில் அதுக்குப் பதில். கட்டுப்பாட்டுச் சோதனைன்னு சொல்றது இதத்தான், ஒரு நேரத்துல ஒரே ஒண்ண மட்டும் மாத்தணும். இந்த ஒரு பழக்கம் வந்துட்டா வாட்ஸப்ல வர்ற மருத்துவ செய்தி ஒவ்வொண்ணையும் பாக்கறப்ப “இதோட இன்னொரு கிண்ணம் எங்க?”ன்னு தன்னால கேக்கத் தோணும். இட்லி மாவுலயும் இத செஞ்சு பாக்கலாம், ஒரே மாவ மூணு டம்ளர்ல ஊத்தி ஒண்ண ஃபிரிட்ஜ்ல, ஒண்ண மேடையில, ஒண்ண சாயங்காலம் வரைக்கும் வெயில் படற ஜன்னலோரமா வச்சு மணிக்கு ஒரு தடவ மட்டத்துல ரப்பர் பேண்டு மாட்டிட்டே வாங்க. உளுந்தோட ஒட்டிட்டு வர்ற லியூகோனாஸ்டாக் மாதிரி பாக்டீரியாதான் வாயுவ விட்டு மாவப் பொங்க வைக்குது, சூடு கொறைஞ்சா அதுங்க பெருகறதும் கொறையும், ஊட்டிக்காரங்களுக்கு மாவு பொங்காத கஷ்டம் அதுதான்.

நிலவியலுக்கு திரும்ப அதே வினிகர் பாட்டில். ரோட்டோரம், மலையடி, ஆத்தங்கர எங்க கல்லப் பாத்தாலும் ஒரு சொட்டு விடுங்க. பொங்கினா கால்சியம் கார்பனேட் இருக்கு, பொங்கலன்னா பெரும்பாலும் கருங்கல் வகை. நம்ம மாநிலத்துல இந்த ரெண்டுக்கும் பெரிய கத இருக்கு. அரியலூர்ல அத்தன சிமெண்ட் ஆலை ஏன்னு யோசிச்சிருக்கீங்களா? அங்க கீழ இருக்கற சுண்ணாம்புக்கல் கிரிடேசியஸ் காலத்துல, டைனோசருங்க இருந்தப்ப, அந்த எடம் கடலா இருந்ததால வந்தது. ஏழு, எட்டு கோடி வருசத்துக்கு முன்னாடி வாழ்ந்த கடல் உயிருங்களோட ஓடு அடுக்கடுக்கா படிஞ்சு கல்லாச்சு, இன்னைக்கும் அந்தப் பக்கம் நத்த மாதிரி சுருண்ட அம்மோனைட் புதைபடிவம் கிடைக்குது. கிளிஞ்சல், செவத்துச் சுண்ணாம்பு, முட்ட ஓடு, சிமெண்ட் எல்லாம் ஒரே குடும்பம்னு இப்ப தெரியும்.

பொங்காத கல்லுக்கு பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் போங்க. அங்க இருக்கற கருநீலக் கல்லுக்கு சார்னோகைட்னு உலகம் பூரா பேரு. கல்கத்தாவ நிறுவினதா சொல்லப்படற ஜாப் சார்னாக்கோட கல்லறையில வச்ச கல் இங்கருந்து போனதாம், அந்தக் கல்லப் பாத்து தாமஸ் ஹாலண்டுங்கற நிலவியலாளர் வச்ச பேரு. அரியலூர் சுண்ணாம்புக்கல் வயச விட இது முப்பது மடங்குக்கு மேல பழசு, சுமார் 250 கோடி வருசம், பூமிக்கு அடியில ரொம்ப ஆழத்துல வெந்து உருவானது. இத்தன ஆழத்துல உருவானது இன்னைக்கு மேல நிக்குதுன்னா, அதுக்கு மேல இருந்த கல்லு அத்தனையும் மழையும் காத்தும் தேய்ச்சு எடுத்துட்டுப் போயிருக்கணும். நிலவியல்ல காலத்த உணர்றதுக்கு எனக்குத் தெரிஞ்சு இதவிட நல்ல கல் இல்ல.

மழைமானி செய்யறதும் சுலபம். பக்கவாட்டுல நேரா இருக்கற, கீழ மேல ஒரே அகலம் இருக்கற பாட்டில வெட்டி, மேல் பாகத்தக் கவுத்துப் புனல் மாதிரி வச்சு, மொட்ட மாடியில தடுப்பு இல்லாத எடத்துல வைங்க, உள்ள நிக்கற உயரம்தான் மழையளவு. 1 மி.மீ. மழைன்னா சதுர மீட்டருக்கு 1 லிட்டர், அவ்ளோதான். 1000 சதுர அடி மாடி கிட்டத்தட்ட 93 சதுர மீட்டர், 50 மி.மீ. பேஞ்சா 4600 லிட்டருக்கு மேல. 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல கிட்டத்தட்ட 95 செ.மீ. பதிவாச்சு, அதாவது 950 மி.மீ. அதே மாடிக்கு எத்தன லிட்டர்னு நீங்களே பெருக்கிப் பாருங்க, அப்பத்தான் அந்த ஊர் மக்கள் பட்டது என்னன்னு புரியும்.

கடைசியா வானியல், இதுக்கு ஒரு ஆள் துணை வேணும். கிமு மூணாம் நூற்றாண்டுல எரடோஸ்தனிஸ், எகிப்துல சையீன்ங்கற ஊர்ல (இப்ப அஸ்வான்) நடுப்பகல்ல நிழலே விழாத நாள்ல, வடக்க அலெக்சாந்திரியாவுல 7.2 டிகிரி சாய்வுல நிழல் விழறத வச்சு பூமியோட சுத்தளவக் கணக்குப் போட்டார். 7.2 டிகிரின்னா வட்டத்துல அம்பதுல ஒரு பங்கு, ரெண்டு ஊருக்கு நடுவுல இருக்கற தூரத்த அம்பதால பெருக்கினார். நமக்கு அவர விட நல்ல ஊர் ஜோடி இருக்கு: பெங்களூரும் கன்னியாகுமரியும். ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகை, 77.6 டிகிரி கிழக்கு, அதாவது பெங்களூர் கன்னியாகுமரிக்கு நேர் வடக்கு. மேப்ல நேர்க்கோட்டுல அளந்தா 540 கி.மீ. வரும், ரோடு தூரத்த எடுத்துடாதீங்க.

ரெண்டு ஊர்லயும் ஒவ்வொருத்தர், ஒரே நாள். ஒரு கெட்டி அட்டையில சின்ன ஓட்ட போட்டு தரையில இருந்து சரியா 1 மீட்டர் உயரத்துல படுக்க வச்சு நிறுத்துங்க. ஓட்டைக்கு நேர் கீழ தரையில புள்ளி வைக்க கொத்தனார் தூக்குக்குண்டு, தர சமமா இருக்கான்னு பாக்க ரசமட்டம், இல்லன்னா நூல்ல கட்டின நட்டும் தட்டுல தண்ணியும் போதும். குச்சி நட்டு நிழல் அளக்கலாமேன்னு கேப்பீங்க. சூரியன் புள்ளி மாதிரி இல்ல, அரை டிகிரி அகலம், அதனால 1 மீட்டர் குச்சியோட நிழல் நுனி 1 செ.மீ. அளவுக்கு மங்கலா இருக்கும், எங்க முடியுதுன்னு சண்ட வரும். ஓட்ட வழியா விழற வெளிச்ச வட்டத்துக்கு நடுப்புள்ளி வைக்கறது சுலபம். சூரியன நேராப் பாக்கவே வேணாம், பாக்கவும் கூடாது.

நடுப்பகல்னா கடிகாரத்துல 12 மணி கிடையாது. நம்ம ஐஎஸ்டி நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வச்சது, இந்த ரெண்டு ஊரும் அதுக்கு மேற்க இருக்கறதால சூரியன் உச்சிக்கு வர லேட்டாகும், மார்ச் 20 அன்னைக்கு 12:27 வாக்குல. அதனால 12 மணிக்கே உக்காந்துட்டு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ வெளிச்சப் புள்ளிக்கு நடுவுல சாக்பீஸ் குறி வைங்க, 12:50 வரைக்கும். எந்தக் குறி தூக்குக்குண்டுப் புள்ளிக்கு ரொம்பப் பக்கமோ அதுதான் வேணும். மார்ச் 20, செப்டம்பர் 22, 23 வாக்குல செஞ்சா பெங்களூர்ல 23 செ.மீ., கன்னியாகுமரியில 14 செ.மீ. சொச்சம் வரணும். போன் கால்குலேட்டர்ல அந்த தூரத்த மீட்டர்ல போட்டு டேன் இன்வர்ஸ் எடுங்க, 0.23க்கு 12.95 டிகிரி, 0.142க்கு 8.08. கழிச்சா 4.87. 540ஐ 360ஆல பெருக்கி 4.87ஆல வகுத்தா 39,900 கி.மீ. கிட்ட வரும், உண்மையான அளவு சுமார் 40,000. அளவுல 5 மி.மீ. தப்பினாலே விடை ஆறு சதவீதம் அளவுக்கு நகரும், அதனால ரெண்டு பேரும் மூணு நாள் எடுத்து சராசரி போடறது நல்லது.

இன்னொரு வழி, எரடோஸ்தனிஸ் செஞ்ச மாதிரியே. கன்னியாகுமரியில ஏப்ரல் 10, 11 வாக்குல நடுப்பகல்ல சூரியன் நேர் உச்சிக்கு வரும், நிழல் காலடியிலயே விழும். அன்னைக்கு பெங்களூர்ல மட்டும் அளந்தாப் போதும், 8.6 செ.மீ. வாக்குல இருக்கும். சென்னைக்காரங்களுக்கு அந்த நிழலில்லா நாள் ஏப்ரல் 24 வாக்குலயும் ஆகஸ்ட் 18 வாக்குலயும் வருது. ஆகஸ்ட்ல மேகம் அதிகம், ஏப்ரல நம்புங்க. அளந்து முடிச்சதும் நோட்டுல விடையோட சேத்து துணைக்கு அளந்தவர் பேரு, அட்டையோட உயரம், எந்த நிமிஷக் குறிய எடுத்தீங்க, வானம் எப்படி இருந்துச்சுன்னு எல்லாம் எழுதி வைங்க, அடுத்த தடவ விடை மாறி வந்தா தேடறதுக்கு அதுதான் இருக்கும்.